இரண்டு குழாய்களின் மேல் ஒரு தச்சுப் பட்டறை

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்குப் புறநகரில் சொந்த வீடு கிடைத்தது, கூடவே ஒரு கார் ஷெட்டும். தச்சு வேலையில் ஆசை வந்தவர்களுக்கு அந்த ஷெட்டில் காருக்குப் போக மிஞ்சிய இடம்தான் போதவில்லை. ஜெர்மனியிலிருந்து 1930களில் வெளியேறி கலிபோர்னியாவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஸ்மிட் அந்த மிச்ச இடத்தை மனத்தில் வைத்து ஒரு மெஷினை வடிவமைத்தார். ஷாப்ஸ்மித் என்ற பெயரில் 1947இல் அது மாண்ட்கோமரி வார்டு கடைகளில் விற்பனைக்கு வந்தது. 1950களில் வந்த அடுத்த வடிவம் மார்க் 5. இன்றைக்கும் அமெரிக்காவில் பழைய சாமான்களோடு சாமானாக, துரு ஏறி, சிலந்தி வலை பிடித்து விலைக்கு வருவது பெரும்பாலும் இதுதான்.

ஒரு மோட்டார், அது சுழற்றும் தண்டாக ஒரு ஸ்பிண்டில். அதில் ரம்பத் தகட்டை மாட்டினால் அறுக்கும் மேசை. 12 அங்குல வட்டில் உப்புத்தாள் ஒட்டி மாட்டினால் சாண்டர். டிரில் பிட்டைப் பொருத்தினால் படுக்கைவாட்டில் துளை போடும். எதிரே கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை நிறுத்தினால் 34 அங்குல நீளக் கட்டைவரை கடைசல் பிடிக்கலாம். ஐந்தாவதுதான் வேடிக்கை: முழு மெஷினையும் ஒரு பக்கமாகத் தூக்கி 90 டிகிரியில் செங்குத்தாக நிறுத்தினால் டிரில் பிரஸ்.

இத்தனையையும் தாங்குவது இணையாக ஓடும் இரண்டு எஃகுக் குழாய்கள். மோட்டார் இருக்கும் தலைப்பகுதி, மேசை எல்லாம் அந்தக் குழாய்களின் மேல்தான் வழுக்கி நகரும். சாதாரண ரம்ப மேசையில் சாய்வாக அறுக்கத் தகடு சாயும். இதில் ஸ்பிண்டில் அசையாது, மேசைதான் சாய வேண்டும். வெட்டின் ஆழத்தைக் கூட்டக் குறைக்கவும் மேசையைத்தான் ஏற்றி இறக்க வேண்டும். சாய்ந்த மேசையில் நீளப் பலகையைப் பிடித்து அறுப்பது சிரமம் என்று ஆசாரிகள் சொன்னால் அது நியாயம்தான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாட்டும் நேரமும் இருக்கிறது. இடம் உள்ளவர்களுக்கு இது ஏற்ற மெஷின் அல்ல.

பழைய மெஷினை மீட்க நினைத்தால் முதலில் எதிர்ப்படுவது துரு. தச்சு மெஷின்கள் துருப்பிடிப்பதற்கு மரத்தூளும் காரணம். மரத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துடைக்காமல் விட்ட தூள் குழாயின் மேல் ஈரப் பஞ்சாகக் கிடக்கிறது. அதற்கடியில் இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து ஒரு மழைக்காலத்திலேயே வேலையை முடித்துவிடும். துரு, அது உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நகர வேண்டிய பாகம் குழாயோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கிறது.

இங்கே சுத்தியலைத் தேடுபவர்கள் அதிகம். மார்க் 5இன் தலைப்பகுதியும் மேசையும் அலுமினிய வார்ப்பு, தட்டினால் விண்டுபோகும். ஆனால் அலுமினியமாக இருப்பதிலேயே வழியும் இருக்கிறது. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இடுக்குகளில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் அதை நன்றாகத் துடைத்துவிட்டு, வார்ப்பைச் சுற்றி ஹாட் ஏர் கன்னால் மெதுவாகச் சூடு காட்டினால், வார்ப்பின் துளை சற்றே பெரிதாகி உள்ளே இருக்கும் குழாய் தளரும். பிறகு கையால் இடமும் வலமுமாகத் திருகி எடுக்கலாம்.

கழற்றிய பிறகு உலோகங்களைப் பிரித்து வைக்க வேண்டும். எஃகுப் பாகங்களுக்கு எளிய வைத்தியம் மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்த தண்ணீர். பேட்டரி சார்ஜரின் எதிர்முனை துருப்பிடித்த பாகத்தில், நேர்முனை பலி கொடுக்கத் தயாரான பழைய இரும்புத் தகட்டில். சில மணி நேரத்தில் துரு கரிய படிவாக இளகி, நாரால் தேய்த்தால் போய்விடும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் இதைத் திறந்த வெளியில் செய்வது நல்லது. பலித் தகடாக எவர்சில்வரைப் போடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கலந்துவிடும். இதே தொட்டியில் அலுமினிய மேசையை இறக்கிவிட்டால் கதை கந்தல்: சோடாவின் காரம் அலுமினியத்தை அரித்துத் தின்னும். தொட்டிக்குள் அடங்காத குழாய்களுக்கு எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, கரைத்துத் துணியில் நனைத்துச் சுற்றி வைத்தாலே போதும்.

அமிலத்திலிருந்து எடுத்த எஃகு, காய்வதற்குள் மெல்லிய செம்மஞ்சள் பூச்சாக மறுபடி துரு பிடிக்கும். உடனே கழுவி, சூடாக்கி உலர்த்தி, மெழுகு தேய்க்க வேண்டும். எண்ணெய் வேண்டாம், மரத்தூள் அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

குழாயில் ஆங்காங்கே சிறு குழிகள் மிஞ்சும். அவற்றை விட்டுவிடுங்கள். தலைப்பகுதி வழுக்குவது குழிகளுக்கு இடைப்பட்ட மேட்டில்தான். குழி மறையட்டும் என்று ஒரே இடத்தில் உப்புத்தாளால் தேய்த்தால் அந்த இடம் மெலிந்து, உட்காரும் பாகம் ஆடும். பளபளக்கும் குழாயைவிடப் புள்ளி விழுந்த நேரான குழாயே மேல். நேராக இருக்கிறதா என்று அறியக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் போதும். வளைவு இருந்தால் அடியில் வெளிச்சம் தெரியும்.

அடுத்தது வேக டயல். நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 5200 சுற்றுவரை இதைத் திருகி வேகத்தை மாற்றலாம். உள்ளே இரண்டு ஜோடிக் கூம்புத் தட்டுகளுக்கு நடுவே ஒரு பெல்ட். டயல் ஒரு ஜோடியை நெருக்கினால் பெல்ட் அதில் வெளிப்பக்கம் ஏறும். மறு ஜோடி ஸ்பிரிங்கை அழுத்தி விலகும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் நடப்பதும் இதுதான். மெஷின் ஓடாதபோது டயலைத் திருகினால் பெல்ட் நகர வழியில்லாமல் மாட்டி, உள்பாகங்கள் வளையும், உடையும். பழைய மெஷினில் டயல் இறுகியிருந்தால், ஸ்பிரிங் தட்டு வழுக்கும் தண்டில் துரு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாகங்களை அதனதன் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் பூட்டுகளை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் ஒரு வழக்கு. 1955 கிறிஸ்துமஸுக்கு ஒரு மனைவி கணவருக்கு ஷாப்ஸ்மித் வாங்கிக் கொடுத்தார். 1957இல் அந்தக் கணவர் கடைசல் பிடிக்கத் தேவையான துணைப்பாகங்களை வாங்கி, ஒரு பெரிய கட்டையைக் கடைந்துகொண்டிருந்தார். முன்பு பல தடவை சிக்கலின்றி ஓடிய மெஷினிலிருந்து கட்டை எகிறி அவர் நெற்றியில் அடித்தது. பாகங்களை இறுக்கும் செட் ஸ்க்ரூக்கள் போதாதவை, சாதாரண அதிர்விலேயே டெயில்ஸ்டாக் நகர்ந்துவிட்டது என்று வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். 1963இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரோஜர் ட்ரேனர் எழுதிய தீர்ப்பு, குறையுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பிய உற்பத்தியாளரின் அலட்சியத்தை நிரூபிக்காமலே அவரைப் பொறுப்பாளியாக்கியது. ‘கிரீன்மன் எதிர் யூபா பவர் ப்ராடக்ட்ஸ்’ என்ற அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். அதனால் பழைய மெஷினில் ஒவ்வொரு பூட்டையும் கழற்றி, தேய்ந்த திருகை மாற்றி, பூட்டிய பின் முழு பலத்தோடு தள்ளிப் பார்க்காமல் கட்டையைச் சுழலவிடக் கூடாது.

பெயின்ட், மோட்டார் பற்றி இரண்டே வார்த்தை. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், உலர்ந்த தூசியைச் சுவாசிக்கக் கூடாது. வெடித்த ரப்பர் உறை உள்ள ஒயரை மறு பேச்சின்றி மாற்ற வேண்டும். நம்மூருக்கு யாராவது கப்பலில் கொண்டுவந்தால், அது 60 ஹெர்ட்ஸ், 110 வோல்ட் மோட்டார் என்பதை மறந்து பிளக்கில் செருகிவிட வேண்டாம்.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற கவலைக்கும் ஒரு பதில் உண்டு. 1960களில் உற்பத்தி நின்றுபோன இந்த மெஷினை 1972இல் ஒஹாயோவின் டேட்டனில் ஜான் ஃபோல்கர்த் என்பவர் மறுபடி தயாரிக்கத் தொடங்கினார். அடிப்படை வடிவம் மாறாததால் பின்னால் வந்த பல பாகங்கள் பழைய மார்க் 5இலும் பொருந்தும்.

எல்லாம் பூட்டிய பிறகு கடைசி வேலை, ரம்பத் தகட்டை மேசையின் காடிக்கு இணையாக்குவது. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளமிட்டு, அது முன்னால் நிற்கும்போது காடியிலிருந்து தூரம் பாருங்கள்; தகட்டைக் கையால் சுழற்றி அதே பல் பின்னால் வந்ததும் மறுபடி பாருங்கள். வேறு பல்லை அளந்தால் தகட்டின் கோணலும் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு அளவும் ஒன்றானால் மேசையின் போல்ட்டுகளை இறுக்கலாம். ஒன்றாகாவிட்டால், மரம் தகட்டின் பின்பக்கப் பற்களில் உரசிக் கருகும். சில சமயம் அறுப்பவரை நோக்கியே பாயும்.