எடை குறைக்கும் திரவ உணவு: மருத்துவரின் மேற்பார்வை ஏன் வேண்டும்?

உடல் பருத்தவர்களைக் கண்டால், "நன்றாகச் சாப்பிடுகிற வீடு" என்று பெருமையாகச் சொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்து வந்தது. அந்தப் பருமனையே இன்று மருத்துவர்கள் ஒரு நோயாகக் கருதுகின்றனர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, மூட்டுத் தேய்வு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் எனப் பல தொல்லைகளுக்கு அது வாசலாக இருக்கிறது. இந்நிலையில், "நாளொன்றுக்கு நான்கு பொட்டலம் மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், மூன்றே மாதங்களில் பத்துப் பதினைந்து கிலோ குறையும்" என்ற செய்தி காதில் விழுந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

இச்செய்தி பொய்யன்று. ஆனால் முழுமையான செய்தியும் அன்று. இதன் மறுபாதியை அறியாமல் டப்பாவைத் திறப்பவர்கள் தம் உயிரோடு விளையாடுகிறார்கள்.

முதலில் இது என்னவென்று பார்ப்போம். சோறு, ரொட்டி, இறைச்சி, பழம் ஆகிய எல்லாவற்றையும் சில வாரங்களுக்கு முற்றிலும் நிறுத்திவிட்டு, ஆய்வுக்கூடத்தில் அளந்து தயாரித்த மாவைக் கரைத்து மட்டுமே அருந்துவதுதான் முழுத் திரவ உணவு முறை. பொட்டலம் ஒன்றில் சுமார் 200 கலோரி இருக்கும். நாளொன்றுக்கு 800 கலோரி, சற்றுக் கூடினால் 850. ஆனால் உடலுக்கு அன்றாடம் தேவையான புரதம், விட்டமின்கள், தாது உப்புகள், இன்றியமையாத கொழுப்பு ஆகியவை அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். கலோரி குறையலாம், சத்து குறையக்கூடாது என்பதே இம்முறையின் அடிப்படை விதி. இத்துடன் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் பருக வேண்டும்.

கணக்கு எளிமையானது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவிடும் ஒருவர் 800 மட்டுமே உட்கொண்டால், மீதி 1,200 கலோரியை உடல் தன் சேமிப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அவ்வாறாயின் ஆறேழு நாட்களுக்கு ஒரு கிலோ. பன்னிரண்டு வாரங்களில் சுமார் 13 கிலோ. உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் குறைவதால், நடைமுறையில் இக்கணக்கு சற்று முன்பின்னாக இருக்கும். முதல் வாரத்தில் மட்டும் எடை மளமளவென்று இறங்கும். அதில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீர். இதைக் கண்டு பூரித்துப் போகிறவர்கள் அடுத்த வாரமே மனம் சோர்வதும் உண்டு.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1965ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அங்கஸ் பார்பியேரி என்னும் 27 வயது இளைஞர் 207 கிலோ எடையுடன் மருத்துவர்களை நாடினார். மருத்துவர்களின் கண்காணிப்பில் 382 நாட்கள் திட உணவின்றி இருந்து 82 கிலோவாக இறங்கினார். தண்ணீர், விட்டமின், உப்புச் சத்துகள் போன்றவையே அவருக்குக் கொடுக்கப்பட்டன. இரத்தம் அடிக்கடி பரிசோதிக்கப்பட்டது. இச்செய்தி 1973இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அவர் தப்பினார். ஆயினும் அக்காலத்தில் இதுபோன்ற முழுப் பட்டினிச் சிகிச்சையில் இருந்த வேறு சிலர் இறந்தும் போயினர். உணவு அறவே வராதபோது உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் கரைக்கிறது. இதயமும் ஒரு தசைதானே!

இதனைத் தவிர்க்கவே, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் பிளாக்பர்ன், புரூஸ் பிஸ்டிரியன் என்னும் மருத்துவர்கள் 1970களில் வேறொரு வழி கண்டனர். கலோரியைக் குறைத்துவிட்டு, தரமான புரதத்தையும் உப்புச் சத்துகளையும் போதிய அளவு கொடுத்தால் தசை காக்கப்படும் என்பது அவர்கள் கருத்து. இது மருத்துவமனைக்குள் இருந்தவரை நன்றாகவே நடந்தது.

பிறகு அது கடைவீதிக்கு வந்தது. 1976இல் ராபர்ட் லின் என்பவர் எழுதிய 'லாஸ்ட் சான்ஸ் டயட்' என்ற நூல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. திரவப் புரதம் என்ற பெயரில் பல நிறுவனங்கள் புட்டிகளை விற்கத் தொடங்கின. அந்தப் புரதம் எதிலிருந்து வந்தது தெரியுமா? அறுக்கப்பட்ட கால்நடைகளின் தோல், தசைநார், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் வகைச் சரக்கு! உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் இல்லை. போதிய பொட்டாசியம் போன்ற உப்புகளும் இல்லை. நாளுக்கு முந்நூறு நானூறு கலோரியோடு மாதக்கணக்கில் அதையே குடித்து, ஏராளமாக எடை குறைந்த பெண்கள் திடீர் திடீரென்று இறந்தனர். சுமார் 60 மரணங்கள் 1977, 78 ஆண்டுகளில் அமெரிக்க அரசின் கவனத்திற்கு வந்தன. அவற்றுள் 17 பேரைப் பற்றிய ஆய்வு 1979இல் இதயநோய் இதழொன்றில் வெளிவந்தது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி நின்றுபோனதே அவர்களின் மரணத்திற்குக் காரணம் எனத் தெரிய வந்தது. பருமனாக இருந்தார்கள் என்பதைத் தவிர, அவர்களில் பலருக்கு வேறு பெரிய நோய் எதுவும் இல்லை.

(நம் வாசகர்களுக்கு இங்கே ஹலால் பற்றிய ஐயமும் எழும். இன்றைய பொட்டலங்களில் பெரும்பாலும் பால் அல்லது சோயாப் புரதமே இருக்கிறது. எனினும் ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா, எதிலிருந்து எடுத்தது என்பதை உறையில் படித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.)

சரக்கின் தரம் மேம்பட்ட பின்னும் வேறொரு சிக்கல் தீரவில்லை. 1988 நவம்பரில் புகழ்பெற்ற தொலைக்காட்சி நடத்துநர் ஓப்ரா வின்ஃபிரே திரவ உணவால் 67 பவுண்டு, அதாவது 30 கிலோ, இளைத்துவிட்டதாக அறிவித்து, அதே எடையுள்ள கொழுப்பை ஒரு சிறு வண்டியில் வைத்து மேடைக்கு இழுத்து வந்தார். அமெரிக்காவே வியந்தது. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பி வந்துவிட்டதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகக் கூறினார். பொட்டலம் இளைக்க வைக்கும். பொட்டலத்துக்குப் பிறகு எப்படி உண்பது என்பதை அது கற்றுத் தராது.

இத்தனைக்குப் பின்னரும் மருத்துவ உலகம் திரவ உணவை மீண்டும் கையில் எடுத்தது ஏன்? அதற்குக் காரணம் நீரிழிவு. பருமனுக்காக இரைப்பை அறுவை செய்து கொண்ட நீரிழிவு நோயாளிகளுக்குச் சில நாட்களிலேயே சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்துவிடுவதை மருத்துவர்கள் கவனித்திருந்தனர். இது அறுவையின் விந்தையா, உணவு திடீரென்று குறைந்ததன் விளைவா என்ற வினாவை எழுப்பினார் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர். கல்லீரலிலும் கணையத்திலும் கொழுப்பு தேங்குவதே இரண்டாம் வகை நீரிழிவின் வேர் என்பது 2008இல் அவர் முன்வைத்த கருத்து. 2011இல் வெளியான அவருடைய சிறிய ஆய்வில் 11 நோயாளிகளுக்கு எட்டு வாரங்கள் சுமார் 600 கலோரி மட்டுமே கொடுக்கப்பட்டது. ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்கு இறங்கியது. எட்டு வாரங்களில் கணையமும் தன் பணியைத் திரும்பத் தொடங்கியது.

பதினொருவரை வைத்து உலகுக்குச் சட்டம் சொல்ல முடியாதல்லவா? எனவே டெய்லரும் கிளாஸ்கோ பேராசிரியர் மைக் லீனும் இணைந்து ஸ்காட்லாந்திலும் டைன்சைடிலும் 49 சாதாரண மருத்துவ நிலையங்களில் ஒரு பெரிய சோதனை நடத்தினர். 'டைரக்ட்' எனப்படும் அச்சோதனையின் முடிவு 2017 டிசம்பரில் 'லான்செட்' இதழில் வந்தது. நீரிழிவு கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களும், இன்சுலின் போடாதவர்களும் மட்டுமே அதில் சேர்க்கப்பட்டனர். மூன்று முதல் ஐந்து மாதங்கள் பொட்டல உணவு. பிறகு இரண்டு முதல் எட்டு வாரங்களில் ஒவ்வொரு வேளையாக வழக்கமான உணவு. அதன்பின் மாதந்தோறும் செவிலியர் அல்லது உணவியலாளரைச் சந்திப்பு. எடை இரண்டு கிலோவுக்கு மேல் திரும்ப ஏறினால் சில வாரங்கள் மறுபடியும் பொட்டலம்.

ஓராண்டு முடிவில், மாத்திரையே இல்லாமல் நீரிழிவு தணிந்தவர்கள் நூற்றுக்கு 46 பேர். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களிலோ வெறும் 4 பேர். பதினைந்து கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களை மட்டும் எடுத்துக் கொண்டால் நூற்றுக்கு 86 பேர்! ஆயுள் முழுவதும் மாத்திரைதான் என்று நம்பியிருந்த ஒரு நோய்க்கு இது சிறிய செய்தியன்று. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆயிற்று. ஐந்தாண்டுகள் வரை தொடர்ந்து உதவி பெற்றவர்களில் நீரிழிவு தணிந்த நிலையிலேயே இருந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்தாம். விளம்பரங்கள் 46ஐச் சொல்லும், 13ஐச் சொல்லமாட்டா. எனினும் அந்த 13ஐ நான் தோல்வி என்று கருதவில்லை. ஐந்தாண்டுகள் நீரிழிவின்றி வாழ்வது எத்துணை பெரிய நிஃமத் என்பதை, அந்நோயோடு போராடுபவர்களைக் கேட்டால் தெரியும். இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2020 முதல் இம்முறையைத் தன் நோயாளிகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது.

ஸ்காட்லாந்தில் வாழும் தெற்காசியர்களிடையே நடந்த ஒரு சிறிய சோதனையிலும் ஒரு பகுதியினருக்கு நோய் தணிந்தது. நம்மவர்களுக்கு இது முக்கியம். ஏனெனில் ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு நீரிழிவு வந்துவிடுகிறது. உடல் நிறைக் குறியீடு 25ஐ எட்டினாலே இந்திய மருத்துவர்கள் பருமன் என்கின்றனர். மேலைநாட்டவருக்கு அது 30. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே அந்தக் குறியீடு. 160 சென்டிமீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ள சகோதரிக்கு அது 29க்குச் சற்று மேல்.

சரி, மருத்துவரின் மேற்பார்வை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோமே, அவர் என்னதான் செய்வார்? டைரக்ட் சோதனையில் முதல் நாளே எல்லா நீரிழிவு மாத்திரைகளையும் இரத்தக் கொதிப்பு மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். காரணம் எளிது. 800 கலோரியில் இருப்பவர் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைப் பழைய அளவிலேயே விழுங்கினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயங்கி விழலாம். இன்சுலின் போடுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்து உட்கொள்பவருக்கு இரத்தத்தில் அமிலம் பெருகும் வேறொரு ஆபத்து. இரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். விரைந்து இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகலாம். யூரிக் அமிலம் உயர்ந்து மூட்டு வீங்கலாம். மலச்சிக்கல், குளிர், தலைவலி, பின்னர் முடி உதிர்தல் ஆகியவை பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும். இவற்றில் எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு ஓட வேண்டும் என்பதை அறிந்தவர் மருத்துவர். அண்டை வீட்டாரோ டப்பா விற்பவரோ அல்லர்.

கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்பு கண்டவர்கள், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள், உண்ணுதல் தொடர்பான மனநோய் இருந்தவர்கள் ஆகியோர் இதன் பக்கமே போகலாகாது.

"முப்பது நோன்பு வைக்கிறோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நோன்பு இபாதத், எடைக்கான சிகிச்சையன்று. மேலும் இஃப்தாரில் வடையும் சமோசாவும் கஞ்சியும் உள்ளே போகும் வேகத்தில், ரமழானில் எடை கூடியவர்களே நம்மில் பலர்! திரவ உணவில் பொட்டலங்களையும் தண்ணீரையும் நாள் முழுவதும் பகிர்ந்து அருந்த வேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும் இயலாது. ரமழானும் வீட்டுத் திருமணங்களும் இல்லாத பன்னிரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. வலீமா பிரியாணிக்கு முன்னால் பொட்டலத்தைக் கரைத்துக் கொண்டு உட்காரும் மன உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது நம் ஊர்களில் தெரிந்தவர், உறவினர் மூலமாகவே எடை குறைப்பு மாவு டப்பாக்கள் வீடு தேடி வருகின்றன. அவற்றுள் பல, ஒன்றிரண்டு வேளை உணவுக்குப் பதிலாகக் குடிப்பதற்கெனத் தயாரிக்கப்பட்டவை. அதை மட்டுமே குடித்து வாழ்வதற்குத் தேவையான சத்துகள் அதில் இருக்கும் என்ற உறுதியில்லை. ஆகவே வாங்குமுன் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முழு நாள் உணவாக இதை மட்டும் அருந்தினால் அன்றையத் தேவைக்கான சத்துகள் எல்லாம் கிடைக்கும் என்று உறையில் எங்கே எழுதியிருக்கிறது? நாளைக் காலை முதல் என் சர்க்கரை மாத்திரையிலும் பிரஷர் மாத்திரையிலும் எதை நிறுத்த வேண்டும், எதைக் குறைக்க வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு அவர் ஏதேனும் பதில் சொல்லத் தொடங்கினால், டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள்.