பிரேதத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் மரணம் சம்பவிக்கும்போது நடப்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். வீடு வாங்குகையில் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் வக்கீலிடம் காட்டி ஊர்ஜிதம் செய்துகொள்ளும் விவேகிகள், பெற்ற தாயின் பிரேதத்தை மட்டும், ஆஸ்பத்திரியில் யாரோ சொன்ன முதல் ஃபியூனரல் ஹோமிடம் (ஈமக்காரியம் நடத்தும் ஸ்தாபனத்திடம்) தொலைபேசியிலேயே ஒப்படைத்துவிட்டு, நீட்டப்பட்ட காகிதங்களில் எல்லாம் கையொப்பமிட்டு, காரியங்கள் முடிந்து பில் வந்த பிறகு திகைத்து உட்காருகிறார்கள். துக்க சமயத்தில் விலை பேசுவது அநாகரிகம் என்ற சங்கோசம் நம்மவர்க்கு உண்டு. ஊரிலானால் மயானத்துக் கூலியை அடுத்த வீட்டுப் பெரியவர் பேசித் தீர்த்துவிடுவார். அந்தப் பெரியவரின் ஸ்தானத்தில் அமெரிக்காவில் சட்டம் நிற்கிறது. ஆனால் அழைத்தால்தான் அது வரும்.

விலை விஷயத்தில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1984 முதல் அமலாக்கிவரும் ‘ஃபியூனரல் ரூல்’ தேசம் முழுமைக்கும் பொது. லைசென்ஸ் விஷயமோ அந்தந்த மாநிலத்தின் அதிகாரம். மாநிலங்களிடையே உள்ள பேதம் சாமானியமானதன்று. கொலராடோ மாநிலம் 1983-இல் ஃபியூனரல் டைரக்டர்களுக்கு லைசென்ஸே வேண்டாமென்று ரத்து செய்து, நாற்பதாண்டுக் காலம் அப்படியே இருந்தது. பென்ரோஸ் என்னும் சிற்றூரில் 2023-இல் ஒரு கட்டடத்துக்குள் சுமார் 190 பிரேதங்கள் அழுகிக் கிடந்ததும், அஸ்தி என்று நம்பிச் சில குடும்பங்கள் பெற்றுச் சென்றது கான்கிரீட் தூள் என்பதும் வெளிப்பட்ட பின்னரே, 2024-இல் சட்டம் இயற்றினார்கள்; அதுவும் 2027-இல்தான் லைசென்ஸ் கட்டாயமாகும் என்று தவணை வைத்து! ஜார்ஜியாவில் 2002-இல் ஒரு தகனச்சாலையின் வளாகத்தில் எரிக்கப்படாத 334 உடல்கள் அகப்பட்டபோதும், சட்டத்தின் ஓட்டையால் அந்த இடம் பரிசோதனைக்கே உட்படாமல் இருந்தது தெரியவந்தது.

ஆகையால் முதல் வேலை, லைசென்ஸை விசாரிப்பது. நியூயார்க்கில் சுகாதார இலாகாவுக்கு உட்பட்ட பியூரோ ஆஃப் ஃபியூனரல் டைரக்டிங், நியூஜெர்ஸியில் ஸ்டேட் போர்டு ஆஃப் மார்ச்சுவரி சயன்ஸ், கலிபோர்னியாவில் செமிட்டரி அண்ட் ஃபியூனரல் பியூரோ, டெக்சாஸில் ஃபியூனரல் சர்வீஸ் கமிஷன் ஆகியவை இதற்குப் பொறுப்பான அலுவலகங்கள். பெரும்பாலான மாநிலங்களில் ஃபியூனரல் டைரக்டர் என்ற நபருக்கு ஒன்று, அவர் வேலை செய்யும் ஸ்தாபனத்துக்கு ஒன்று, தகனச்சாலைக்கு வேறொன்று எனத் தனித்தனி அனுமதிகள் உண்டு. சுவரில் சட்டமிட்டு மாட்டிய காகிதம் ஒன்றைக் கண்டு மற்றவையும் இருக்குமென்று திருப்தியடைவது பேதைமை. பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு மாநில அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்க அதிக நேரம் ஆகாது. அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டவர்களை நான் மிகச் சிலரையே கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, விலைப்பட்டியல். ஃபியூனரல் ரூலின்படி, நேரில் சென்று விசாரிக்கும் எவருக்கும் பொது விலைப்பட்டியலை, கையோடு எடுத்துச் செல்லும்படி, ஃபியூனரல் ஹோம் கொடுத்தாக வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும், கேட்பவர் பெயர் விலாசம் சொல்லாவிட்டாலும், விலை சொல்லியாக வேண்டும். ஃபெடரல் டிரேட் கமிஷன் தன் ஆட்களைக் கொண்டு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஃபியூனரல் ஹோம்களுக்கு ரகசியமாகத் தொலைபேசியில் பேசி, 39 இடங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. விதி பிறந்து நாற்பதாண்டுகளுக்குப் பிறகுதான் முதன்முறையாகத் தொலைபேசியை எடுத்துப் பார்க்கத் தோன்றியது என்பது அந்த உத்தியோகஸ்தர்களின் சுறுசுறுப்புக்கு அத்தாட்சி. பட்டியலைக் கையில் வாங்காமல் எதிலும் கையொப்பமிடாதீர்கள்.

அந்தப் பட்டியலில் நீங்கள் மறுக்க முடியாத கட்டணம் அடிப்படைச் சேவைக் கட்டணம் ஒன்றுதான். மற்றவற்றைத் தனித்தனியே ஏற்கவோ தள்ளவோ உங்களுக்குப் பாத்தியதை உண்டு. உடலைப் பதனம் செய்யும் எம்பாமிங், சில விசேஷ சந்தர்ப்பங்கள் தவிர, சட்டப்படி அவசியமில்லை என்று பட்டியலிலேயே அச்சிட்டிருப்பார்கள்; பெரும்பாலான நம் குடும்பங்கள் விரைவில் தகனம் செய்பவை, குளிர்பதன அறையே போதுமானது. நேரடித் தகனத்துக்குச் சவப்பெட்டி வாங்கியாக வேண்டுமென்று எவரேனும் சொன்னால் அது விதிமீறல். அட்டை முதலிய எளிய பெட்டியும் இருக்க வேண்டும். பெட்டியை வெளியில் வாங்கி வந்தால் அதற்கென்று தனிக் கட்டணம் வசூலிக்கலாகாது. மகன் தகனத்தின்போது உடனிருக்க விரும்பினால் அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் முன்கூட்டிக் கேளுங்கள். எண் பொறித்த உலோக வில்லை ஒன்று பெரும்பாலான தகனச்சாலைகளில் உடலோடு சென்று அஸ்தியோடு திரும்பும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பென்ரோஸ் குடும்பங்களை நினைத்துத்தான் இதை வற்புறுத்துகிறேன்.

யார் கையொப்பமிடுவது என்பதிலேதான் நம்மவர் மிகுதியாகத் தவறுகிறார்கள். உத்தியோக விசாவில் தனியே இருந்த இளைஞர் இறந்தால், உடன் வேலை செய்யும் நண்பர் நல்லெண்ணத்தோடு முன்வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். உடலின் மீது உரிமை வாழ்க்கைத் துணைக்கும், வயதுவந்த மக்களுக்கும், பெற்றோருக்கும் என்ற வரிசையில் பொதுவாகச் செல்லும். நண்பருக்கு அது கிடையாது. ஆனால் கையொப்பமிட்ட மாத்திரத்தில் பில்லுக்குக் கடன்காரர் அவரே ஆகிறார்! ஊரிலுள்ள பெற்றோரிடமிருந்து அத்தாட்சி பெற்ற அதிகாரப் பத்திரத்தை வரவழையுங்கள். அதற்கு எந்த வாசகம் வேண்டும், எவர் அத்தாட்சி செய்ய வேண்டும் என்பதை ஃபியூனரல் டைரக்டரிடமே எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் சார்பில் நண்பர் கையெழுத்திடுவதானால், பணப் பொறுப்பு எவருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மரணச் சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும். தந்தை பெயரை இனிஷியலாகக் கொண்ட நம் வழக்கம் அந்த நாட்டுப் படிவங்களில் பொருந்துவதில்லை. இனிஷியலைக் குடும்பப் பெயராகவும், இறந்தவர் பெயரை நடுப்பெயராகவும் மாற்றிப் பதிந்த சான்றிதழ்களை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கொண்டு இங்கே தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு மனுக்கொடுத்தவர்கள், பிழையைத் திருத்திக்கொண்டுவரத் திரும்ப அனுப்பப்பட்டு மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஃபியூனரல் டைரக்டர் விவரங்களைப் பதிவுசெய்யும்போது பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்து, தாக்கல் செய்வதற்கு முன் நகலை வாசித்துப் பாருங்கள். சான்றிட்ட பிரதிகளை வேண்டியதற்குச் சற்று அதிகமாகவே வாங்குங்கள். காப்பீட்டுக்கும் வங்கிக்கும் தூதரகத்துக்கும் அவை தேவைப்படும்.

உடலை இந்தியாவுக்கு அனுப்புவதாயின் இந்தியத் துணைத் தூதரகத்தின் ஆட்சேபனையின்மைச் சான்று இன்றியமையாதது. மரணச் சான்றிதழ், எம்பாமிங் சான்று, பெட்டியில் அந்த உடலைத் தவிர வேறொன்றும் இல்லையென்ற ஃபியூனரல் டைரக்டரின் பிரமாணப் பத்திரம், ரத்து செய்வதற்கான பாஸ்போர்ட் ஆகியவற்றைக் கேட்பார்கள். எம்பாமிங் வேண்டாம் என்று மேலே சொன்னது இந்த ஒரு காரியத்துக்குப் பொருந்தாது.

தவறு நடந்துவிட்டால் தமிழ்ச் சங்கத் தலைவருக்குத் தொலைபேசுவதிலும், குழுக்களில் புலம்பல் எழுதுவதிலும் பிரயோஜனமில்லை. ஃபெடரல் கமிஷன் புகாரைப் பெற்றுக்கொள்ளுமேயன்றித் தனிநபர் வழக்கைத் தீர்த்துவைக்காது. லைசென்ஸை நிறுத்திவைக்கவும் பறிக்கவும் அபராதம் விதிக்கவும் அதிகாரமுள்ளது மாநில அலுவலகம். அதன் புகார்ப் படிவத்தோடு விலைப்பட்டியல், வரிவாரியான ஒப்பந்தம், தகன அனுமதிப் பத்திரம், ரசீது, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் நகல்களை மட்டும் இணையுங்கள். மூலங்கள் உங்களிடமே இருக்கட்டும். பட்டியலை வாங்கி வைக்காதவருக்கு இங்கே இணைக்க ஒன்றுமிராது என்பதை மறுபடியும் சொல்கிறேன். பணத்தைத் திரும்பப் பெற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டே நேர்வழி. நியூயார்க்வாசிகள் ஒன்று கவனிக்க: ஃபியூனரல் ஹோம் மீதான புகார் சுகாதார இலாகாவின் பியூரோவுக்கும், தகனச்சாலை மீதான புகார் ஸ்டேட் இலாகாவின் டிவிஷன் ஆஃப் செமிட்டரீஸுக்கும் போக வேண்டும். குறை இருவர் மேலும் இருந்தால் இரண்டு இடத்துக்கும் தனித்தனியே எழுதி, புகார் எண்ணை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பதில் தாமதித்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள்.