மடிக்கணினியின் சூடு தணிய

வாஷியின் மே மாதப் புழுக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்ற ஆண்டு அப்படியொரு பிற்பகலில், கல்லூரிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, இது லேப்டாப்பா, தோசைக்கல்லா?" என்றாள். தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்தான். ஏழு வருடப் பழைய பெட்டி. விசிறியின் தூசியைத் துடைத்தும் பயனில்லை. மாதக் கடைசியில் புதுசு வாங்க முடிகிற காரியமா?

அப்போது கைகொடுத்ததுதான் 'அண்டர்வோல்டிங்', அதாவது செயலிக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சற்றே குறைப்பது. சாம்பார் கொதி வந்ததும் அடுப்பைத் தணிக்கிறோமே, அந்தக் கணக்கு. கொதி நிற்காது, கேஸ் மிச்சம். செயலி வேலைசெய்யச் செலவாகும் மின்சாரம், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறி இறங்கும். 1.1 வோல்ட்டை 1.0 ஆக்கினால், வேகம் மாறாமலே அந்தச் செலவு சுமார் 17 சதவீதம் குறைகிறது.

சரி, தேவைக்கு மேல் ஏன் கொடுத்து வைக்கிறார்கள்? ஒரே ஆலையில் வரும் சில்லுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றில் சோதாச் சில்லும் தடுமாறாமல் ஓட வேண்டுமே என்று, வளர்கிற பிள்ளைக்குச் சீருடை தைப்பதுபோல் தாராளமாக வைத்துவிடுகிறார்கள். அந்தத் தாராளம்தான் நமக்குச் சூடாக வருகிறது.

'த்ராட்டில்ஸ்டாப்' என்ற இலவச மென்பொருளில் 'கோர்', 'கேஷ்' இரண்டையும் சேர்த்துப் பத்துப் பத்து மில்லிவோல்ட்டாகக் குறைத்தேன். ஒவ்வொரு படியிலும் அரைமணி நேரம் கனமான வேலை கொடுத்துப் பார்த்தேன். 80 வரை சுகம். ஆசை யாரை விட்டது? நேரே 120க்குத் தாவினேன். நீலத்திரை! சில்லுக்கு இதனால் கேடில்லை. ஆனால் மகள் சேமிக்காமல் வைத்திருந்த மூன்று பக்கம் போயே போச்சு. அன்றிரவு அவள் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். மறுநாள் 70இல் நிறுத்திக்கொண்டேன். முன்பு 97 டிகிரியைத் தொட்ட செயலி, அதே வேலைக்கு இப்போது 86இல் நிற்கிறது.

எல்லாப் பெட்டியிலும் இது நடக்காது. 2019 டிசம்பரில் பர்மிங்காம், லூவன், கிராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதே மின்னழுத்த வழியாக இன்டெல் செயலியின் பாதுகாப்பைக் குலைக்கலாம் என்று காட்டினார்கள். 'பிளண்டர்வோல்ட்' என்று அதற்குப் பெயர். பின்னால் வந்த பயாஸ் புதுப்பிப்புகள் பல இந்த வசதியைப் பூட்டிவிட்டன, எங்களுடையது தப்பித்தது. பழைய பயாஸுக்குத் திரும்பலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேறு ஓட்டைகளும் திறந்துகொள்ளுமே, வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் செயலியின் உச்ச அளவை 100இலிருந்து 99 ஆக்கிக் கொடுத்தேன். டர்போ வேகம் நின்றது, சூடும் தணிந்தது. மெதுவாக ஓடுகிறது என்று அவர் பையன்தான் முணுமுணுக்கிறான்.