கொலராடோவைக் குடிக்கும் வெயில்

2021இல் அமெரிக்காவின் கொலராடோ ஆறு பிறக்கும் மலைகளில் சராசரியின் 80 சதவீதத்துக்கு மேல் பனி விழுந்தது. ஆனால் அந்த ஆற்றின் நீர்த்தேக்கமான பவல் ஏரிக்கு வந்து சேர்ந்த நீர் சராசரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். முந்தைய ஆண்டின் வறட்சியில் காய்ந்த மண் ஒரு பகுதியை உறிஞ்சியது உண்மை. ஆனாலும் ‘மழை பொய்த்தது, ஆறு வற்றியது’ என்ற விளக்கம் இந்த ஆற்றுக்குப் போதாது. 2000க்குப் பிறகு அதன் நீரோட்டம் 20ஆம் நூற்றாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இதில் வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியக் கணினி மாதிரிகள் வேண்டும்.

அந்த மாதிரிகள் நெடுங்காலம் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. காற்றின் வெப்பநிலையை மட்டும் வைத்து ஆவியாதலைக் கணித்தவை பல. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் ஆய்வாளர்கள் மில்லியும் டன்னும் 2020இல் சூரிய ஒளியையும் கணக்கில் சேர்த்தார்கள். சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடி சித்திரையிலும் கால் வைக்கத் தாங்கும். பூச்சு உதிர்ந்த இடம் சுடும். மலைக்குப் பனிதான் சுண்ணாம்பு, வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் இந்த மாடியில் பூச்சே தண்ணீர். ஓரத்தில் பெயர்ந்த இடம் சூடேறிப் பக்கத்துப் பூச்சையும் பெயர்க்கும். மாடித்தொட்டிச் செடிகள் முன்கூட்டியே துளிர்த்துக் கூடுதலாகக் குடிக்கும். இத்தனையும் போக மிஞ்சுவதே வடிகுழாயில் இறங்கும் ஆறு. மிச்சம் சிறிது என்பதுதான் இங்கே முக்கியம். கணக்குக்காக, 100 பங்கு மழையும் பனியும் விழுந்து 85 ஆவியாகிறது, 15 ஆறாகிறது என்று கொள்வோம். ஆவியாவது 86.4 ஆனால் ஆறு 13.6 ஆகிவிடும். மேலே ஒன்றரைப் பங்குகூடக் கூடவில்லை, கீழே ஒன்பது சதவீதம் போய்விட்டது. மில்லியும் டன்னும் கண்டதும் இதே அளவுதான்: ஒரு டிகிரி செல்சியஸுக்கு 9.3 சதவீதம்.

இந்த மிச்சத்தைப் பங்கிட்ட வரலாறு சுருக்கமானது. 1922இல் மாநிலங்கள் செய்த ஒப்பந்தம் ஆற்றின் மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழம் நிற்கும் அளவு) நீரை ஒதுக்கியது. கணக்குக்கு எடுத்தவை வழக்கத்துக்கு மீறி நீர் பெருகிய ஆண்டுகள் என்பதை மர வளையங்கள் பின்னாளில் காட்டின.

வருங்கால மழையை மாதிரிகளால் உறுதியாகச் சொல்ல முடியாதபோது இந்த எண்ணை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 9.3 என்பது மழையைப் பற்றிய ஆரூடமல்ல. கடந்த நூற்றாண்டில் அளந்து பதிவான நீரோட்டத்தோடு ஒப்பிட்டுப் பெற்றது. மழை கூடினாலும் இந்த இழப்பை முழுதாக ஈடுகட்டாது என்பதே அவர்கள் முடிவு. அதற்காக நான்கு டிகிரிக்கு 37 சதவீதம் என்று பெருக்கித் தலைப்புப் போடுவதும் தவறு. பனி ஓரளவுக்கு மேல் கரைந்துபோனால் இழக்க வெண்மையே இருக்காது. அதன்பின் இந்த விகிதமும் மாறும். ‘இத்தனையாம் ஆண்டில் ஆறு இல்லை’ என்று தேதி குறிப்பவர்களைவிட, ஒரு டிகிரிக்கு இவ்வளவு என்று சொல்பவர்களையே நீர்ப்பங்கீடு பேசுவோர் கேட்க வேண்டும். 2007இல் வகுத்த பங்கீட்டு நெறிகள் 2026 வரைதான். புதியவை நிலையான ஏக்கர்-அடியை விட்டு, அந்தந்தக் காலத்தில் உண்மையில் வரும் நீரில் விகிதப் பங்கு என்று எழுதப்பட வேண்டும்.