சட்டம் காட்டும், அருள் நடத்தும்

சேலத்திலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக ஏற்காட்டுக்குச் செல்லும்போது, மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறோம். வளைவு வருகிறது என்று எச்சரிக்கைப் பலகை முன்கூட்டியே சொல்கிறது. பலகை இல்லையென்றால் ஆபத்து தெரியாது. ஆனால், பிரேக் பிடிக்காத வண்டியைப் பலகையால் நிறுத்த முடியுமா?

இறைச்சட்டமும் இப்படித்தான். பத்துக் கட்டளைகள் நல்லவை, புனிதமானவை. எது பாவம் என்பதை அவை நமக்கு உணர்த்துகின்றன (உரோ 3:20). ஆனால் பாவத்தை வெல்லும் ஆற்றலைச் சட்டம் தானாகத் தருவதில்லை. செய்ய விரும்பும் நன்மை கைகூடாமல், வெறுக்கும் தீமையையே செய்துவிடும் தம் நிலையை எண்ணிப் புனித பவுலே புலம்புகிறார் (உரோ 7).

இந்தப் புலம்பலை நம் பங்குகளிலும் கேட்கிறோம். ஒவ்வொரு தவக்காலத்திலும் குடியை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்து, உயிர்ப்பு விழா முடிந்ததும் மீண்டும் விழும் சகோதரர்கள் இருக்கிறார்கள். "இனி எந்த முகத்தோடு பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது?" என்று முதலில் கோவிலின் கடைசி வரிசைக்கு ஒதுங்குகிறார்கள்; பிறகு வாசலோடு நின்றுவிடுகிறார்கள். நாமோ, "மனசு வைத்தால் விட்டுவிடலாமே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

அவர்கள் நம்பிக்கை இழக்கிறார்கள், நாம் தீர்ப்பிடுகிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே: மீட்பு நம் சொந்த முயற்சியால் வருகிறது என்ற எண்ணம். 5-ஆம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவரின் போதனையும் இதுபோன்றதே. புனித அகுஸ்தீனார் அதை எதிர்த்து எழுதினார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்தது. அருளின்றி நம்மால் இறைச்சட்டத்தை நிறைவேற்ற இயலாது என்பதே திரு அவையின் போதனை.

அருள் என்றால் என்ன? 'அருள் நிறைந்த மரியே' என்று இன்று நாம் செபிக்கும் இடத்தில், நம் பாட்டிமார் 'பிரியதத்தம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். பிரியத்தோடு கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். அது கூலியும் அல்ல, பரிசும் அல்ல. நாம் தகுதி பெறும் முன்பே, பாவிகளாய் இருந்தபோதே, கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார் (உரோ 5:8).

அப்படியானால் சட்டம் தேவையில்லையா? அப்படியல்ல. புதிய இதயத்தைத் தந்து, தம் கட்டளைகளின்படி நம்மை நடக்கச் செய்வதாக எசேக்கியேல் வழியாக ஆண்டவர் வாக்களித்தார் (எசே 36:26-27). அருள் சட்டத்தை அழிப்பதில்லை. கல்லில் எழுதியதை இதயத்தில் எழுதுகிறது. நம் ஒத்துழைப்பையும் அது கேட்கிறது. மருத்துவரை நாடுவதும், குடிநோய் சிகிச்சைக்குச் செல்வதும் அருளுக்கு எதிரானவை அல்ல. அருள் அவற்றின் வழியாகவும் செயல்படுகிறது.

நற்கருணை குறையற்றவர்களுக்கான பரிசன்று, வலுவற்றவர்களுக்கான மருந்து என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில் நினைவூட்டினார். ஒப்புரவு அருளடையாளமும் நம்மைக் குணமாக்கும் இடமே. ஏழாவது முறை விழுந்தவரும் எட்டாவது முறை அங்கே வரலாம்.

அன்பர்களே, இந்த ஞாயிறு கோவில் வாசலில் தயங்கி நிற்பவரைக் கண்டால், அறிவுரை சொல்லும் முன் அவருக்கு அருகே ஓர் இடம் ஒதுக்குவோம். நாமும் பிரியமாய்க் கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொண்டவர்களே.