திரும்பி வரும் ஆம்ப்ளிஃபயர்கள்

பண்டிகை சீசனில் விற்ற ஆம்ப்ளிஃபயர்களில் சில, அடுத்த வாரமே கடைக்குத் திரும்பி வருவது எலெக்ட்ரானிக்ஸ் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் அறிந்ததே. "செட் சரியில்லை" என்பார் வாடிக்கையாளர். நாமும் யோசிக்காமல் மொத்த வியாபாரிக்கு அனுப்புகிறோம். சில நாட்கள் கழித்து, "பழுது ஏதுமில்லை" என்ற சீட்டுடன் சரக்கு திரும்புகிறது. போக வர லாரி வாடகை நம் தலையில்.

நம் கடைக்கு ஒருவர் மூன்று முறை வந்தார். வீட்டில் அரைமணி நேரம் சத்தமாக ஓடினால் செட் நின்றுவிடுகிறது என்றார். கடையில் மாலை வரை ஓட்டினாலும் நிற்கவில்லை. இரண்டாம் முறை புதிய செட்டே கொடுத்தோம், அதுவும் நின்றது. மூன்றாம் முறைதான், "எத்தனை ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றியது. பக்கத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 4 ஓம், பேரலல் இணைப்பு!

இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலில் மாட்டினால் ஆம்ப்ளிஃபயருக்கு அது 2 ஓம். ஓம் பாதியானால் அது இழுக்கும் மின்னோட்டம் இரட்டிப்பாகும். செட்டின் பின்புறத்தில் '4 முதல் 8 ஓம் வரை' என்று அச்சிட்டே இருந்தது. சூடு ஏறியதும் உள்ளே இருந்த பாதுகாப்பு அமைப்பு செட்டை நிறுத்தியிருக்கிறது. அது பழுதல்ல. சீரிஸில் மாற்றி 8 ஓம் ஆக்கச் சொன்னோம். சத்தம் சற்றுக் குறைந்தது. பிறகு அவர் செட்டைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

ஸ்பீக்கரில் எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டர் போதும். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 என்றும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 அல்லது சற்று மேலும் காட்டும். மீட்டர் குறைத்துக் காட்டுவது இயல்பு. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்.

வாட்ஸ் விஷயத்தில் பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ள பி.எம்.பி.ஓ. எண்ணை நம்பி விற்கக் கூடாது. ஆர்.எம்.எஸ். கணக்கே கணக்கு. சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்ஸ் இரு மடங்காக வேண்டும். எனவே 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 60 வாட்ஸ் தேவைப்படும் இடத்தில், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 30 வாட்ஸே போதும். பெரிய செட்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்பது பலரது எண்ணம். சிறிய செட்டை முழு வால்யூமில் வைத்து, ஒலி கரகரக்க ஓட்டினாலும் ட்வீட்டர் எரிந்துபோகும்.

இரைச்சல் புகாரா? வால்யூமை முழுதாகக் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் மறைந்தால், பெரும்பாலும் வயரிலோ பிளேயரிலோ கோளாறு. மறையாவிட்டால் செட்டின் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பாடவில்லையென்றால், செட்டை நிறுத்திவிட்டு இன்புட் வயர்களை இடம் வலமாக மாற்றுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் செட்டின் மேல் குற்றமில்லை. மாறாவிட்டால் ஸ்பீக்கர் வயர்களையும் அவ்வாறே மாற்றிப் பார்த்த பிறகே செட்டைப் பெட்டியில் கட்டலாம். பேஸ் மட்டும் மெலிந்திருந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். இதற்காகவே திரும்பி வந்த செட்களும் உண்டு.

இப்போதெல்லாம் நாம் பில் போடும்போதே வாடிக்கையாளரின் ஸ்பீக்கர் ஓம், எண்ணிக்கை இரண்டையும் கேட்டு அதிலேயே எழுதிவிடுகிறோம். தெரியாது என்பவரிடம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம். அன்றைய விற்பனை ஒன்று தள்ளிப்போகும், அவ்வளவுதான்.