கயிறு அறுந்தது, கணக்கு தப்பவில்லை!

துப்பாக்கியின் மேல் தொலைநோக்கிக் கண்ணாடி பூட்டுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கழற்றி மறுபடி மாட்டினால், குறிப்பலகையில் சுட்டுப் பார்க்காமல் அதை நம்பக்கூடாது.

குமரிமுனை வரை நிலம் அளந்தவர்களும் இதே விதியைத்தான் கடைப்பிடித்தார்கள்.

அரை டன் கருவி

வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவையைத் தொடங்கினார். தொலைநோக்கி பொருத்திய 'தியோடலைட்' என்னும் கருவியால் கோணம் அளந்தார். அதன் எடை சுமார் அரை டன்!

1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் உச்சிக்கு அதை ஏற்றினார்கள். கயிறு அறுந்தது! கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் வட்டம் நெளிந்துவிட்டது.

அதனால் என்ன கேடு? ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு பிசகினால், 100 கெஜ தூரத்தில் துப்பாக்கிக் குண்டு ஓர் அங்குலம் விலகும். 60 மைல் தூரத்திலோ 90 அடிக்கு மேல் விலகும்!

புதுக் கருவி வேண்டுமானால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். லாம்டன் கூடாரத்துக்குள் 6 வாரம் உட்கார்ந்து, தம் கையாலேயே நெளிவு எடுத்தார்.

பரீட்சை

ஆனாலும் அதை அப்படியே நம்பிவிடவில்லை. திருநெல்வேலிச் சீமையில் தரையில் சங்கிலி பிடித்து ஒரு நீண்ட கோட்டை அளந்தார்கள். கோணக் கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்துவந்தன.

1809-இல் நாஞ்சில் நாட்டின் தென்கோடியில், குமரிமுனைக்கு அருகே, அந்த நெடிய அளவையின் தென்பகுதி முடிந்தது.

பழுது பார்ப்பது பாதி வேலை. பரீட்சை பார்ப்பது மறுபாதி!